நாய்களில் தைராய்டுக் குறைவும் தூண்டல் சோதனையும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, விலங்கியல்

நாளமில்லாச் சுரப்பிகள் என்னும் பாடத்தைப் படித்த விலங்கியல் மாணவர் யாரைக் கேட்டாலும், தைராய்டைப் பற்றி இரண்டு செய்திகளைத் தவறாமல் கூறுவர். அயோடின் குறைந்தால் மனிதருக்கு முன்கழுத்துக் கழலை உண்டாகும் என்பது ஒன்று. தலைப்பிரட்டை தவளையாக உருமாறத் தைராய்டு தேவை என்பது மற்றொன்று. தேர்வுக்கு இவை போதும். ஆனால், இச்சுரப்பி இன்றி உயிர் நலமாக வாழ இயலாது என்பதை அறிவியலுக்கு உணர்த்திய விலங்குகளுள் முக்கியமானது நாய். அந்த நாய்க்கே தைராய்டு நோய் வந்தால் எப்படிக் கண்டறிவது என்று நாம் கேட்பதில்லை.

சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மாரிட்ஸ் ஷிஃப் என்னும் உடலியல் அறிஞர் நாய்களின் தைராய்டை அறுத்து அகற்றிப் பார்த்தார். நாய்கள் இறந்தன. முன்னதாகவே வேறொரு தைராய்டை வயிற்றினுள் பதித்து வைத்த நாய்களோ பிழைத்தன என்று 1884-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். தைராய்டோடு ஒட்டியிருக்கும் பாராதைராய்டுகளும் சேர்ந்து அகற்றப்பட்டதே அவ்விறப்புகளுக்குப் பெருங்காரணம் என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று. எனினும், சுரப்பி எங்கே இருந்தாலும் அதன் சுரப்பு குருதியில் கலந்து வேலை செய்யும் என்னும் கருத்துக்கு அந்த நாய்கள் வழிகாட்டின. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், தைராய்டுக் குறைவால் உடல் வீங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். நாயிடமும் ஆட்டிடமும் பெற்றதை மனிதன் இவ்வாறு பயன்படுத்திக் கொண்டான். நாய்க்கு அதைத் திருப்பித் தருவதில் ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. அவ்விடர்ப்பாட்டைப் பற்றியதே இக்கட்டுரை.

நோயின் தோற்றம்

நாயின் தைராய்டு, மூச்சுக்குழாயின் இருபுறமும் தனித்தனியாக அமைந்த இரண்டு சிறு மடல்களாகும். மனிதருக்கு உள்ளதுபோல் இரண்டையும் இணைக்கும் பாலம் பெரும்பாலான நாய்களில் இல்லை. நலமாக உள்ள நாயின் கழுத்தைத் தடவினால் இச்சுரப்பி கைக்குத் தட்டுப்படாது. நோயுற்றாலும் தட்டுப்படாது என்பதே வேடிக்கை. அயோடின் பற்றாக்குறையில் மனிதரின் சுரப்பி பெருத்துக் கழலையாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. நாய்களின் தைராய்டுக் குறைவில் சுரப்பி சத்தமின்றிச் சுருங்கி மறைகிறது. நோயுற்ற நாய்களுள் ஏறத்தாழப் பாதியில், லிம்ஃபோசைட் என்னும் வெள்ளணுக்கள் தம் உடலின் சுரப்பியையே பகையெனக் கருதி அழித்துவிடுகின்றன. மீதிப் பாதியில் சுரப்புத் திசு தானே தேய்ந்து, அவ்விடத்தைக் கொழுப்புத் திசு பிடித்துக்கொள்கிறது. முக்கால் பங்கு அழியும்வரை வெளியே எந்த அறிகுறியும் தென்படாது.

அதன்பின் நாய் மந்தமாகும். அழைத்தால் மெல்ல எழும். தின்பது கூடாமலேயே எடை கூடும். வெயிலையும் அடுப்பங்கரையையும் தேடிப் படுக்கும். இதயத் துடிப்பு தளரும். உடலின் இருபுறமும் ஒரே அளவில் மயிர் உதிர்ந்து, தோல் கருத்துத் தடிக்கும். வாலில் மயிர் போய் எலிவால் போலாகும். முகத்தோல் தடித்துக் கண்ணிமை தொங்குவதால், நாய் ஏதோ துயரத்தில் ஆழ்ந்திருப்பது போலத் தோன்றும். குருதியில் கொலஸ்டிரால் ஏறும். சிவப்பணுக்கள் சற்றுக் குறையும். நடுவயது நாய்களிலேயே பெரும்பாலும் இது வருகிறது. கோல்டன் ரெட்ரீவர், டாபர்மேன், பீகிள், இங்கிலீஷ் செட்டர் முதலிய இனங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் மயிர் உதிர்ந்த நாய் என்றாலே அது சொறிநாய்தான். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துத் தடவுவார்கள். இல்லையேல் கல்லெடுத்து விரட்டுவார்கள். சொறியில் அரிப்பு உண்டு. நாய் ஓயாமல் சொறிந்துகொள்ளும். தைராய்டுக் குறைவினால் மட்டும் மயிர் உதிர்ந்தால் அரிப்பு இராது. சொறியாமல் மயிர் உதிரும் நாயைக் கண்டால் தோலுக்கு உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று ஐயுற வேண்டும். இவ்வளவைத் தெரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. உற்று நோக்கும் கண் போதும்.

சுரப்பியும் அதன் மேலதிகாரிகளும்

தைராய்டு தன் விருப்பப்படி சுரப்பதன்று. 1912-இல் குடர்நாட்ச் என்பவர், பாலூட்டிகளின் தைராய்டை உணவாகக் கொடுத்தால் தலைப்பிரட்டைகள் காலத்துக்கு முன்பே தவளைகளாகின்றன என்று காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1916-இல், ஸ்மித், ஆலன் என்னும் அமெரிக்கர் இருவர், ஒருவரையொருவர் சாராமல், தலைப்பிரட்டையின் பிட்யூட்டரியை அகற்றினர். தைராய்டை யாரும் தொடவில்லை. ஆயினும் தைராய்டு சிறுத்துப்போயிற்று; தலைப்பிரட்டை தவளையாகவே இல்லை. நாம் ஆய்வுக்கூடத்தில் படம் வரையும் அதே தலைப்பிரட்டைதான், தைராய்டுக்கு மேலே ஓர் அதிகாரி உண்டு என்பதைச் சொல்லிற்று.

இன்று அந்த வரிசை நமக்குத் தெரியும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், டி.ஆர்.எச். என்னும் ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ஊக்கும் ஹார்மோனை அனுப்புகிறது. அது வந்து சேர்ந்தால்தான் தைராய்டு தைராக்ஸினை வெளிவிடுகிறது. குருதியில் தைராக்ஸின் போதிய அளவு ஏறியதும், மேலே உள்ள இரண்டும் அடங்கிவிடுகின்றன. குறைந்ததும் மீண்டும் தூண்டுகின்றன.

தைராய்டின் அமைப்பிலும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பிற நாளமில்லாச் சுரப்பிகள் தம் ஹார்மோனைச் செல்களுக்குள்ளேயே வைத்திருக்க, தைராய்டோ அதைச் செல்களுக்கு வெளியே, நுண்பைகளினுள் கூழ்மமாகச் சேமித்து வைக்கிறது. டி.எஸ்.எச். வந்து தட்டியதும் செல்கள் அக்கூழ்மத்தைச் சிறிது சிறிதாக விழுங்கிச் செரித்து, அதில் பிணைந்திருக்கும் தைராக்ஸினைப் பிரித்துக் குருதியில் விடுகின்றன. வீட்டுக் குதிருக்குள் நெல் இருப்பது போன்றது இது. குதிரும் நெல்லும் இருந்தால், கேட்டதும் வரும். குதிரே இடிந்துபோனால் எவ்வளவு கேட்டாலும் வாராது. தூண்டல் சோதனை முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது.

குறைந்த அளவு என்றால் நோயா?

நலமான நாயின் சீரத்தில், 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 முதல் 4 மைக்ரோகிராம் வரை தைராக்ஸின் இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவ்வெல்லை சற்று மாறுபடும். மனிதரின் அளவு இதைப்போல் மும்மடங்கு இருப்பதால், மனிதருக்கான எல்லையை வைத்துக்கொண்டு நாயின் குருதியைச் சோதித்தால் நலமான நாயும் நோயாளியாகிவிடும். அது போகட்டும்; நாய்க்குரிய எல்லையையே எடுத்துக்கொள்வோம். குருதியில் தைராக்ஸின் நன்றாக இருக்குமானால், நோய் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். குறைவாக இருக்குமானால் நோய் உண்டு என்று சொல்ல முடியுமா?

முடியாது. இதுவே நான் மேலே குறிப்பிட்ட இடர்ப்பாடு.

உடலில் வேறு நோய் ஏதேனும் கடுமையாக இருந்தால், உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்வது போலத் தைராக்ஸின் அளவும் தாழ்ந்துவிடுகிறது. சுரப்பியில் ஒரு குறையும் இராது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு நோய் அல்லாத பிற நோய்களால் வருந்திய 223 நாய்களைச் சோதித்தபோது, அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் தைராக்ஸின் குறைவாகக் காணப்பட்டது. நோய் கடுமையாக ஆக, அளவும் மேலும் தாழ்ந்தது. உண்மையான தைராய்டுக் குறைவோ நூறு நாய்களில் ஒன்றுக்குக்கூட வருவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக்கு வரும் நோயுற்ற நாய்களுக்கெல்லாம் தைராக்ஸினை மட்டும் அளந்து முடிவு கட்டினால், தைராய்டு நோயாளி என்று பெயர் பெறும் நாய்களுள் பெரும்பாலானவை அந்நோய் இல்லாதவையாகவே இருக்கும்!

மருந்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. அரிப்புக்குத் தரும் பிரெட்னிசோலோன், வலிப்புக்குத் தரும் ஃபினோபார்பிட்டோன் ஆகியவை தைராக்ஸினைத் தாழ்த்தும். அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் இன்னும் பொல்லாதது. அதிலும் இருபுறமும் மயிர் உதிரும், அரிப்பு இராது, நாய் பருத்துத் தோன்றும், தைராக்ஸினும் குறையும். அட்ரினலில் உள்ள நோயை விட்டுவிட்டுத் தைராய்டுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால், காலம் கடந்து நாய் கைவிட்டுப் போகும்.

நாயின் இனத்தையும் பார்க்க வேண்டும். கிரேஹவுண்டு, விப்பெட், சலூக்கி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு நலமாக இருக்கும்போதே தைராக்ஸின் குறைவு. பார்வையால் இரையைத் துரத்தும் நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடலமைப்பு வாய்ந்த வேட்டை நாய்கள்தாம். லாப்ரடாரை வைத்து வகுத்த அளவுகோலைக் கொண்டு அவற்றுக்குத் தீர்ப்பு எழுதுவது முறையாகாது என்பது என் கருத்து.

என் தந்தையார் பள்ளிக்கூடம் போனவரல்லர். கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையென்றால், உடனே அதைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொண்டுபோக மாட்டார். மூன்று பேஸும் வருகிறதா என்று முதலில் பார்ப்பார். மின்சாரம் வராதபோது மோட்டார் நிற்பது மோட்டாரின் குற்றமன்று. மின்சாரம் ஒழுங்காக வந்தும் ஓடாவிட்டால்தான் மோட்டாரைச் சந்தேகிப்பார். குருதியில் தைராக்ஸின் குறைந்திருக்கிறது என்பது, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதற்குச் சமம். அது ஒரு செய்தி, காரணம் அன்று. காரணத்தை அறிய, சுரப்பிக்கு நாமே மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தூண்டிப் பார்த்தல்

சோதனையின் முறை எளியது. காலையில் நாயின் சிரையிலிருந்து சிறிது குருதி எடுக்கப்படுகிறது. உடனே டி.எஸ்.எச். சிரை வழியே செலுத்தப்படுகிறது. இன்று பயன்படும் மனித டி.எஸ்.எச். ஆயின் ஒரு நாய்க்கு 75 மைக்ரோகிராம்; வேறு நோயோ மருந்தோ இருப்பின் 150 மைக்ரோகிராம். ஆறு மணி நேரம் கழித்து மீண்டும் குருதி எடுக்கப்படுகிறது. இரண்டிலும் தைராக்ஸினை அளக்கிறார்கள். செல்கள் கூழ்மத்தை விழுங்கிச் செரித்து ஹார்மோனைக் குருதியில் விட்டு அது தேங்குவதற்கே அந்த ஆறு மணி நேரம்.

இரண்டு நாய்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டுமே மந்தமானவை, இரண்டுக்கும் மயிர் உதிர்ந்திருக்கிறது, இரண்டிலும் முதல் அளவு 0.7 மைக்ரோகிராம். முதல் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஊசி போட்டு ஆறு மணி நேரம் சென்றபின் முதல் நாயில் 0.8, இரண்டாவது நாயில் 3.1. முதல் நாயின் சுரப்பியில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்கு ஆயுள் முழுவதும் மாத்திரை தேவை. இரண்டாவதன் சுரப்பியோ கேட்டதும் கொடுத்துவிட்டது. அந்த நாயின் நோய் வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேட வேண்டும். தூண்டிய பின் அளவு 2.5-க்கு மேலேறி, முதல் அளவைப்போல் ஒன்றரை மடங்காவது ஆகியிருந்தால் சுரப்பி நலம் என்றும், 1.6-க்குக் கீழே நின்றுவிட்டால் தைராய்டுக் குறைவு என்றும் பொதுவாகக் கொள்கின்றனர்.

இடைப்பட்டவற்றை என்ன செய்வது? அங்கேதான் மருத்துவரின் அறிவு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அழற்சியின் தொடக்க நிலையில் பாதி அழிந்த சுரப்பி அரைகுறையாகத்தான் எழும். மிகக் கடுமையாக நோயுற்ற நாயின் நல்ல சுரப்பியும் அப்படியே நடந்துகொள்ளக் கூடும். சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதிப்பதே நேர்மையான வழி. சல்ஃபா மருந்துகள் இன்னொரு பொறி. இவை அயோடின் சுரப்பியில் பிணைவதையே தடுத்து, சில வாரங்களில் உண்மையாகவே சுரப்பை முடக்கிவிடும். அப்போது ஊசி போட்டாலும் தைராக்ஸின் எழாது. மருந்தை நிறுத்தினால் சுரப்பி தானே தேறிவிடும். எனவே, ஊசியை எடுப்பதற்கு முன் நாயின் உரிமையாளரிடம், "என்னென்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்று கேட்டுவிடுவது எந்தச் சோதனைக்கும் குறைந்ததன்று. பிட்யூட்டரி கெட்டதால் வரும் குறைவு நூற்றில் ஐந்துக்கும் கீழே. அதில் தைராய்டு நலமாகவே இருந்தும், நெடுநாள் தூண்டப்படாமல் உறங்கிக் கிடந்ததால் முதல் ஊசிக்கு எழாமலும் போகலாம்.

முற்காலத்தில் இந்த டி.எஸ்.எச். மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து எடுக்கப்பட்டது. மாட்டின் புரதம் ஆதலால் சில நாய்களில் ஒவ்வாமை அதிர்ச்சி உண்டாகும் அபாயம் இருந்தது. பின்னர் மருந்துத் தரத்தில் அது கிடைப்பதும் நின்றுபோயிற்று. 1998-இல், தைராய்டுப் புற்றுநோயாளிகளின் சோதனைக்கென மனித டி.எஸ்.எச். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சீன ஹாம்ஸ்டர் என்னும் கொறிவிலங்கின் சூலகச் செல்களில் மனித ஜீனைப் புகுத்தி இது தயாரிக்கப்படுகிறது. கால்நடை மருத்துவர்கள் இதனை நாய்க்கும் பயன்படுத்திக் கொண்டனர். விலையோ மிக அதிகம். ஒரு குப்பியில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருப்பதால், கரைத்ததைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை செல்சியஸில் உறையவைத்து, எட்டு வாரம் வரை பல நாய்களுக்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்ந்து கண்டனர். சிக்கனம் அறிவியலுக்குப் பகையன்று!

இங்கே ஒரு வினா எழ வேண்டும். மனிதனின் டி.எஸ்.எச். நாயின் சுரப்பியை எப்படித் தூண்டும்? தைராக்ஸின் தலைப்பிரட்டை முதல் மனிதன் வரை ஒரே மூலக்கூறு. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது. டி.எஸ்.எச். அவ்வாறன்று, இனத்துக்கு இனம் சிறிது வேறுபடும் புரதம். ஆனால் அவ்வேறுபாடு, நாயின் தைராய்டுச் செல்லிலுள்ள ஏற்பி அதைத் தள்ளிவிடும் அளவுக்குப் பெரிதன்று. மாட்டினுடையதையும் அது ஏற்றது, மனிதனுடையதையும் ஏற்கிறது. பரிணாமம் பற்றி நாம் படிக்கும் பக்கங்களில் இதற்கும் ஓர் இடம் தரலாம்.

மற்றொரு தூண்டல்

டி.எஸ்.எச். கிடைக்காதபோது, அதற்கும் மேலேயுள்ள டி.ஆர்.எச். கொண்டு தூண்டிப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. இதில் நான்கு மணி நேரம் கழித்து தைராக்ஸினை அளப்பர். ஊசி போட்டதும் நாய்க்கு எச்சில் ஒழுகும்; சிலவேளை வாந்தி எடுக்கும்; சிறுநீரோ மலமோ கழிக்கும். அதைவிடப் பெரிய குறை வேறு. டி.ஆர்.எச். முதலில் பிட்யூட்டரியை எழுப்ப வேண்டும்; அது தைராய்டை எழுப்ப வேண்டும். இரண்டு படி தாண்டி வரும் உயர்வு சிறியது. நலமான நாய்களிலேயே சிலவற்றில் உயர்வு தெரியாமல் போய்விடும். ஆகவே இச்சோதனையில் அளவு ஏறினால் மகிழலாம்; ஏறாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. டி.எஸ்.எச். சோதனைக்கு இது ஈடாகாது.

ஆயினும் டி.ஆர்.எச். வந்த கதை அறியத்தக்கது. ரோஜர் கியமின் இலட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத் துணுக்குகளிலிருந்தும், ஆண்ட்ரூ ஷாலி பன்றிகளின் மூளையிலிருந்தும், போட்டி போட்டுக்கொண்டு இதனைப் பிரித்தெடுத்து, 1969-இல் இதன் அமைப்பைக் கண்டனர். மூன்றே அமினோ அமிலங்கள்! 1977-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பாதி இவ்விருவருக்கும், மறுபாதி ரோசலின் யாலோ என்னும் பெண்மணிக்கும் வழங்கப்பட்டது. குருதியில் மிக நுண்ணிய அளவே இருக்கும் ஹார்மோனையும் கதிரியக்க அணுக்களின் துணைகொண்டு அளக்கும் முறையை, சாலமன் பெர்சனுடன் சேர்ந்து கண்டவர் அவர். பெர்சன் 1972-இல் மறைந்துவிட்டதால் பரிசில் பங்கு பெறவில்லை. தூண்டும் பொருள் ஒருபுறம், அளக்கும் முறை மறுபுறம். தூண்டல் சோதனை என்பதன் இரண்டு பாதிகளும் ஒரே ஆண்டில் ஒரே மேடையில் சிறப்பிக்கப்பட்டன எனலாம். யாலோவின் பெற்றோர் இருவருமே உயர்நிலைப் பள்ளிப் படிப்பைப் பெறாதவர்கள். இதை நூலகத்தில் படித்த அன்று, கட்டுரைக்குக் குறிப்பெடுப்பதைச் சற்று நிறுத்திவிட்டுச் சும்மா அமர்ந்திருந்தேன்.

இன்றைய நிலை

எல்லா ஊர்களிலும் விலையுயர்ந்த டி.எஸ்.எச். ஊசி கிடைப்பதில்லை. ஆகவே இன்று பெரும்பாலான மருத்துவர்கள் வேறு வழியில் செல்கின்றனர். நாயின் பிட்யூட்டரி ஏற்கெனவே தன் சுரப்பியைத் தூண்டிக்கொண்டுதானே இருக்கிறது? தைராய்டு கெட்டிருந்தால், பிட்யூட்டரி மேலும் மேலும் டி.எஸ்.எச். அனுப்பிக் கத்திக்கொண்டிருக்கும். அதை அளந்தால் போதுமே என்பது அவர்கள் வாதம். தர்க்கம் சரியானதே. ஆனால் ஏற்பி ஏற்றுக்கொள்வதை எதிர்ப்பொருள் ஏற்றுக்கொள்வதில்லை. மனித டி.எஸ்.எச்.-ஐ அளக்கும் கருவித்தொகுதி நாயினுடையதை அடையாளம் காண்பதில்லை. நாய்க்கெனத் தனியாக ஒன்று 1990-களின் நடுவில்தான் வந்தது. அதிலும் ஒரு குறை: உண்மையாகவே தைராய்டு கெட்ட நாய்களுள் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலானவற்றில் டி.எஸ்.எச். உயராமலேயே இருக்கிறது.

அதனால் ஒன்றை மட்டும் நம்பாமல், தைராக்ஸின், புரதத்தோடு பிணையாமல் தனித்துள்ள தைராக்ஸின், டி.எஸ்.எச். ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கின்றனர். முதல் இரண்டும் தாழ்ந்து, மூன்றாவது உயர்ந்து, நாயின் தோற்றமும் அதற்கு ஒத்திருந்தால் ஐயமில்லை, ஊசி தேவையில்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று முரணும்போதுதான் தூண்டல் சோதனை இன்றும் அழைக்கப்படுகிறது. வழக்கு முற்றும் போது வரும் சாட்சி போன்றது அது.

"இவ்வளவு எதற்கு? மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம், குணமானால் அதுதான் நோய்" என்று சொல்வோரும் உண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தைராக்ஸின், தைராய்டு நலமாக உள்ள நாய்க்கும் மயிரை வளர்க்கும். சுறுசுறுப்பையும் சிறிது கூட்டும். நாய் தேறியது என்பதால் நோய் நிறுவப்பட்டதாகாது. மேலும், மாத்திரை உள்ளே போகப் போக, மேலதிகாரிகள் அடங்கிச் சொந்தச் சுரப்பியும் ஓய்ந்துவிடும். பிறகு உண்மையை அறிய விரும்பினால் ஆறு முதல் எட்டு வாரம் மருந்தை நிறுத்திக் காத்திருந்தே சோதிக்க வேண்டும். முதல் நாளில் மிச்சப்படுத்திய செலவு பின்னால் வட்டியோடு வரும். ஒரு நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு என்றால், ஐந்தாம் வயதில் தவறாகத் தொடங்கிய மாத்திரை எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நோய் உறுதியானபின் மருத்துவம் கடினமன்று. லீவோதைராக்ஸின் மாத்திரையை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் வீதம் தொடக்கத்தில் நாளைக்கு இருமுறை தருகின்றனர். இதய நோய் போன்றவை உள்ள நாய்க்குக் குறைந்த அளவில் தொடங்குவர். மனிதருக்கோ கிலோவுக்கு ஒன்றரை மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், நாளைக்கு ஒரே முறை. எடைக்கு எடை பார்த்தால், ஒரு நாளில் நாய் மனிதனைப்போல் இருபது மடங்குக்கு மேல் உட்கொள்கிறது! மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் திகைப்பதில் வியப்பில்லை. நாயின் குடல் இம்மருந்தைச் சிறிதளவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் விரைவில் வெளியேறிவிடுகிறது. மனிதரின் குருதியில் தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏழு நாளாகும். நாயில் அரை நாளே போதும். அளவு சரியா என்று அறிய, மாத்திரை கொடுத்த நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் குருதி எடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதைக் குறித்து வைத்திராவிட்டால் அந்த அளவுக்குப் பொருளே இல்லை. சுறுசுறுப்பு ஓரிரு வாரங்களில் திரும்பிவிடும். உதிர்ந்த மயிர் முழுதும் வளரச் சில மாதங்களாகும்.